காஸ்பரோவா, க்ரெமோனாவா, இல்ல புதுசா செஞ்சு வாங்கறதா? வயோலா தேடறவங்களுக்கு ஒரு ஒப்பீடு

வயலின் வாங்கறவங்களுக்கு ஒரு வசதி இருக்கு. ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி தெல் ஜேசுன்னு இத்தாலியில க்ரெமோனா ஊர்ல வயலின் செஞ்ச ரெண்டு பேர சொல்லியாச்சுன்னா மேல பேச்சு கிடையாது, காசு இருந்தா ஒரிஜினல், இல்லன்னா அந்த மாடல்ல யாராவது செஞ்சது, அவ்ளோதான். வயோலாவுக்கு, அதான் வயலின விடக் கொஞ்சம் பெரிசா, சுருதி கீழ இருக்கற வாத்தியத்துக்கு, வந்தா இந்தக் கணக்கு ஓடாது. இங்க ஸ்ட்ராடிவாரி பேரு விலையில முதல் இடத்துல இருக்கும், ஆனா வயோலா வாசிக்கிறவங்க கிட்ட "எந்த சத்தம் வேணும்"னு கேட்டா பாதிப் பேரு அவர விட்டுட்டு அவருக்கு நூறு வருஷம் முன்னாடி அதே இத்தாலியில ப்ரெஷா ஊர்ல கடை வச்சிருந்த காஸ்பரோ தா சாலோ பேரத்தான் சொல்லுவாங்க. நானும் அந்தப் பாதிதான், அத முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் ஒருதலைப்பட்சம்னு திட்டாதீங்க.

இது ஆர்கெஸ்ட்ராலயோ குவார்ட்டெட்லயோ (ரெண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேந்த நாலு பேர் குழு) வாசிச்சு பொழப்பு நடத்தறவங்க, இல்ல படிப்பு முடிச்சிட்டு அந்தப் பக்கம் போகப்போறவங்க, பேங்க் லோன் போட்டோ இல்ல ஏதாவது ஃபவுண்டேஷன்கிட்ட இரவலா வாங்கியோ ஒரு நல்ல வயோலா பிடிக்கணும்னு நினைக்கிறவங்களுக்காக எழுதறது. மத்தவங்க வேடிக்கை பாக்க படிக்கலாம், தப்பில்ல.

முதல்ல அடிப்படைப் பிரச்சனை என்னன்னு புரிஞ்சுக்கணும். வயலின் பாடி நீளம் 35.5 செ.மீ. சுமாரா, உலகம் பூரா அதே சைஸ். வயோலா அதவிட ஒரு பஞ்சமம் கீழ, கடைசி ஸ்ட்ரிங் சி, கிட்டத்தட்ட 130 ஹெர்ட்ஸ். வயலினுக்கு அதோட பாடி எப்படிப் பொருந்துதோ அதே மாதிரி வயோலாவுக்கும் பொருந்தணும்னா நீளம் 53 செ.மீ. வரணும். 53 செ.மீ. பெட்டிய தோள்ல வச்சு எவன் வாசிப்பான்? அதனால 500 வருஷமா வயோலா செய்யறவங்க எல்லாருமே சமரசம்தான் பண்ணிட்டு வர்றாங்க, 38 செ.மீ.லயும் கிடைக்கும், 46லயும் கிடைக்கும், இன்னிக்கு நிறையப் பேரு வாசிக்கிறது 41, 42 அந்த மாதிரி. அந்த மூக்கடைச்ச மாதிரி ஒரு குரல் இருக்கு பாருங்க வயோலாவுக்கு, அது இந்த சமரசத்துல வந்ததுதான், பெட்டி சின்னது, சுருதி கீழ. அந்தக் குரலுக்காகவே வயோலாவ விரும்பறவங்க இருக்காங்க, அது வேற விஷயம்.

இப்போ காஸ்பரோ. முழுப் பேரு காஸ்பரோ பெர்தோலோத்தி, கார்தா ஏரிக்கரையில சாலோங்கற ஊர்ல 1540ல பிறந்தவரு, குடும்பமே இசைக் குடும்பம், மாமா பெரியப்பா எல்லாம் சர்ச் இசையோட சம்பந்தப்பட்டவங்க. அப்பா செத்தப்புறம் 1560கள் ஆரம்பத்துல ப்ரெஷாவுக்கு வந்து செட்டில் ஆயிட்டாரு. அங்க ஜிரோலாமோ விர்க்கின்னு பேர் போன சித்தர்ன் (கிட்டார் மாதிரி மீட்டற ஒரு பழைய வாத்தியம்) செய்யறவரு ஒருத்தர் இருந்தாரு, 1565ல காஸ்பரோவோட பையனுக்கு ஞானத்தகப்பனா நின்னவரே அவர்தான். 1568ல அரசாங்கத்துக்குக் குடுத்த வரிக்கணக்குல தன்ன வயலின் செய்யற மாஸ்டர்னு எழுதிருக்காரு. 1588ல குடுத்த வரிக்கணக்கு இன்னும் சுவாரசியம், ஃபிரான்ஸுக்குப் போற வியாபாரம் முன்ன மாதிரி ஓடலன்னு புலம்பிருக்காரு. அந்தக் காலத்துல ஃபிரான்ஸ்ல மதச்சண்டை நடந்துட்டிருந்துது, கஸ்டமர் எல்லாம் சண்டையில இருந்தா வயோலா யாரு வாங்குவா. ஆனாலும் மனுஷன் நொடிச்சுப் போகல, வீடு, நிலம்னு சேத்து வச்சிட்டு 1609ல ப்ரெஷாவுலயே செத்தாரு.

இவருதான் வயலினையே கண்டுபிடிச்சாருன்னு 19ஆம் நூற்றாண்டுல பெரிய பேச்சு இருந்துது, இப்ப யாரும் அப்படிச் சொல்றதில்ல, க்ரெமோனால ஆந்திரேயா அமாத்தி இவருக்கு முன்னாடியே செஞ்சிட்டிருந்தாரு. காஸ்பரோவ அந்தப் பட்டத்துக்காக மதிக்க வேண்டியதில்ல, கீழ்ஸ்தாயி வாத்தியங்கள் செஞ்ச கைக்காக மதிக்கணும். வெனிஸ் செயிண்ட் மார்க்ஸ் சர்ச்சுல டிராகொனெத்திங்கற பேர் போன வாசிப்பாளர் வாசிச்ச டபுள் பாஸ் இவரு செஞ்சதுதான். வயோலாவுக்கும் டபுள் பாஸுக்கும் வேண்டியது ஒரே அறிவு, பெட்டிக்குள்ள காத்து எப்படி நகரும், மேல்பலகை எவ்ளோ ஈஸியா அசையணும்ங்கற அறிவு. அது இவருகிட்ட இருந்துது.

அவரு வயோலாவ கிட்டக்க பாத்தா க்ரெமோனா ஆளுங்களுக்கு கொஞ்சம் அதிர்ச்சியா இருக்கும். எஃப் ஓட்டை, அதான் மேல்பலகையில f எழுத்து மாதிரி இருக்கற ரெண்டு துளை, நீளமா, அகலமா, ஏறக்குறைய நேரா நிக்கும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்னு அவருக்கு அவசியமே தோணல போல. ஓரத்துக் கோடு, அதான் பர்ஃப்ளிங், சில வாத்தியத்துல ரெட்டையா ஓடும். மூலைகள் குட்டை. பின்பலகைக்கு மேப்பிள்தான் வேணும்னு அடம் கிடையாது, பாப்ளர் மாதிரி மரங்களும் வரும், அது மேப்பிள விட மெத்து, சத்தத்துல ஒரு இருட்டு வரும். லேபிள்ல "காஸ்பரோ தா சாலோ, இன் ப்ரெஷா" அவ்ளோதான், வருஷம் போட மாட்டாரு. அதனால "1575 காஸ்பரோ"ன்னு யாராவது துல்லியமா வருஷம் சொல்லி வித்தா அந்த வருஷம் யாரோட ஊகம்னு கேளுங்க.

சத்தம்? சி ஸ்ட்ரிங்ல திறந்த மணி மாதிரி வரும், மூக்கடைப்பு கிட்டத்தட்ட கிடையாது, அதே சமயம் செல்லோ ஆகிடாது. ஜெரார் கோசே மாதிரி பெரிய வாசிப்பாளர் காஸ்பரோ வயோலாவோட வாழ்ந்திருக்காருன்னா சும்மா இல்ல. ஆனா உடம்புக்கு? இவரோட வெட்டப்படாத (பின்னாடி வந்தவங்க சின்னதாக்காத, அத கீழ சொல்றேன்) பெரிய வயோலா 44 செ.மீ., அதுக்கு மேலயும் போகும். அந்தக் காலத்துல அஞ்சு பார்ட் இசையில வயோலாவே ரெண்டு வகை, மேல போறது கான்ட்ரால்டோ, கீழ்ப் பார்ட்டுக்கு டெனோரே, இந்தப் பெரிய சைஸ் டெனோரே வேலைக்கு, முதல் பொசிஷன்லயே, அதாவது கைய கழுத்தோட நுனியிலேர்ந்து நகத்தாமலே, முடிஞ்சிடும், தோளுக்குக் கீழ சாய்ச்சு வச்சுக்கலாம். இன்னிக்கு அதே வாத்தியத்துல 20ஆம் நூற்றாண்டு கான்செர்ட்டோ வாசிச்சு சி ஸ்ட்ரிங்ல அஞ்சாவது பொசிஷன் மேல ஏறணும்னா இடது முழங்கை நெஞ்சுக்குக் குறுக்க வந்து நிக்கும், சுண்டு விரல் எட்டாது, பத்து வருஷத்துல தோள்பட்டை டாக்டர் நண்பராயிடுவாரு.

(ஒரு சின்ன விலகல். பாலமுரளிகிருஷ்ணா வயோலால கர்நாடக சங்கீதம் வாசிச்சிருக்காரு, தெரிஞ்சிருக்கும். நம்ம ஆளுங்க தரையில உக்காந்து, ஸ்க்ரோல, அதான் தலைப்பக்கச் சுருள, கணுக்கால் மேல ஊன்றி வாசிக்கிறவங்க, கை வாத்தியத்தத் தாங்கவே வேண்டாம். அந்த உக்காருதலுக்கு 44 செ.மீ. ப்ரெஷா வயோலா கச்சிதமா இருக்கும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு நினைப்பு. செஞ்சு பாத்தவங்க இருந்தா சொல்லுங்க.)

அடுத்தது, வெட்டப்பட்ட காஸ்பரோ. அஞ்சு பார்ட் எழுதற பழக்கம் போய் நாலு பார்ட் வந்தப்புறம் டெனோரேக்கு வேலை போச்சு, பெரிய வயோலா எல்லாம் சும்மா கெடந்துது, அப்ப 18, 19ஆம் நூற்றாண்டு ரிப்பேர்காரங்க என்ன பண்ணாங்கன்னா மேலயும் கீழயும் சீவி, சில சமயம் நடுவுல ஒரு துண்டு எடுத்து ஒட்டி, 41, 42க்கு கொண்டுவந்துட்டாங்க. ஆந்திரேயா அமாத்தி ஃபிரெஞ்சு ராஜா ஒன்பதாம் சார்லஸுக்காக செஞ்ச வாத்தியங்கள்ல பின்பலகையில அரச சின்னம் பெயின்ட் பண்ணிருப்பாங்க, வெட்டினதுல அந்தப் படமே ஓரத்துல அறுபட்டு நிக்கறத பாக்கலாம். பாக்கறப்ப வயித்தெரிச்சல்தான், ஆனா வெட்டாம விட்டிருந்தா பாதி வயோலா எவனும் வாசிக்காம புழுத்தே போயிருக்கும்ங்கறதும் நிஜம்.

வெட்டினத கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல. நடு இடுப்பு வளைவ பாருங்க, மேல்கீழ் சீவினாலும் அந்த இடத்த அவ்வளவா தொட முடியாது, அதனால மொத்த நீளத்துக்கு இடுப்பு நீளமாத் தெரியும். எஃப் ஓட்டையோட கீழ் நுனி ஓரத்துக்கு ரொம்ப நெருக்கமா இருக்கா பாருங்க. பர்ஃப்ளிங் வளைவுகள்ல மரத்தோட வயசுக்குப் பொருந்தாம புதுசா இருக்கா, ஸ்க்ரோல் பாடிக்குப் பெரிசா இருக்கா. கழுத்துல பெக்பாக்ஸ் (பிருடைகள் இருக்கற பெட்டி) ஓரமா ஒட்டுக் கோடு இருந்தா மட்டும் பயப்படாதீங்க, அது எல்லாப் பழைய வாத்தியத்துலயும் இருக்கும், 1800 சுமாருக்கு எல்லாத்துக்கும் கழுத்து மாத்தி நீட்டி சாய்ச்சாங்க, உள்ள மேல்பலகைய தாங்கற பாஸ் பார்ங்கற மரச்சட்டத்தையும் பெருசாக்கினாங்க. அதாவது "ஒரிஜினல் காஸ்பரோ சத்தம்"னு நீங்க கேக்கறது காஸ்பரோவும் பின்னாடி வந்த நாலஞ்சு ரிப்பேர்காரங்களும் சேந்து செஞ்சது.

என் கணக்குல, நல்லா வெட்டப்பட்ட ப்ரெஷா வயோலா பழைய வாத்தியங்கள்லயே விலைக்கு ஏத்த சரக்கு. கலெக்டருங்க வெட்டினத தொட மாட்டாங்க, அதனால விலை இறங்கும், வாசிக்கிறவனுக்கு அது லாபம். ஆனா "நல்லா" வெட்டினதுன்னா மேல்வளைவு கெடாம இருக்கணும். ஓரத்த சீவி வளைவ மட்டும் அப்படியே விட்டா ஓரத்துல பலகை செங்குத்தா இறங்கும், அங்க மேல்பலகை அசையாது, சத்தம் இறுகிப் போகும். இது கண்ணுக்குத் தெரியற விஷயம், வாத்தியத்த வெளிச்சத்துக்கு எதிர சாய்ச்சுப் பிடிச்சு நிழல் எப்படி விழுதுன்னு பாத்தா புரியும்.

க்ரெமோனாவுக்கு வருவோம். ப்ரெஷாவுலேர்ந்து சுமார் 50 கிலோமீட்டர்தான், ஆனா அப்ப ப்ரெஷா வெனிஸ் ஆட்சியில, க்ரெமோனா மிலானுக்குக் கீழ ஸ்பெயின்காரன் ஆட்சியில. 1630 ப்ளேக் ரெண்டு ஊரையும் அடிச்சுது. காஸ்பரோவோட சிஷ்யன் மாஜினி அந்த சமயத்தோட கதை முடிஞ்சுது, ப்ரெஷா பரம்பரை அறுந்துது. க்ரெமோனால ஜிரோலாமோ அமாத்தி செத்தாரு, ஆனா பையன் நிக்கோலோ தப்பிச்சாரு, குடும்பத்துக்கு வெளியேயிருந்து சிஷ்யனுங்கள சேத்தாரு, அதுல ஒருத்தர் ஆந்திரேயா குவார்னேரி, குருவோட வீட்டுலயே தங்கிக் கத்துக்கிட்டவரு. உலகம் பூரா வயலின்னா க்ரெமோனான்னு ஆனதுல திறமைக்கு எவ்ளோ பங்கோ, யாரு உயிரோட மிஞ்சினாங்கங்கறதுக்கும் அவ்ளோ பங்கு இருக்கு.

ஆந்திரேயா குவார்னேரி வயோலா ரொம்பக் கொஞ்சம், ஆனா ஒவ்வொண்ணும் தங்கம். 1676ல செஞ்ச "கோன்டே விட்டாலே"ன்னு ஒண்ணு இருக்கு, இன்னிக்கு வயோலா செய்யறவங்க அதிகமா காப்பி அடிக்கிற மாடல்கள்ல அது ஒண்ணு. சைஸ் 41, 42க்குள்ள, கைக்கு அடங்கும், அகலமும் வளைவும் சேந்து சி ஸ்ட்ரிங்குக்குப் போதுமான காத்து குடுக்கும். பெரிய வயோலா சோலோயிஸ்ட் வில்லியம் ப்ரிம்ரோஸ் வாசிச்சதும் ஒரு ஆந்திரேயா குவார்னேரி, 1697. காஸ்பரோ அளவுக்கு அடித்தொண்டை இல்ல, ஆனா மேல இருக்கற ஏ ஸ்ட்ரிங் பாடும், குவார்ட்டெட்ல ரெண்டு வயலினோட ஒட்டிப் போகும். தனி வாசிப்பு, மைக் இல்லாம பெரிய ஹால், இந்த மாதிரி வேலைக்கு இது காஸ்பரோவ விடப் பொருத்தம்னு சொல்றவங்க உண்டு, அதுல நியாயமும் உண்டு.

ஸ்ட்ராடிவாரி? 1690ல மெதிச்சி இளவரசர் ஃபெர்தினாந்தோவுக்காக ஒரு செட் செஞ்சப்ப ரெண்டு சைஸ்லயும் வயோலா போட்டாரு. பெரிய டெனோரே, சுமார் 48 செ.மீ., ஃப்ளாரன்ஸ் அக்காதெமியா மியூசியத்துல கிட்டத்தட்ட செஞ்சபடியே இருக்கு, வெட்டுப்படாம. சின்னது வாஷிங்டன்ல லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல. அதுக்கப்புறம் செஞ்ச வயோலா எல்லாம் அந்தச் சின்ன மாடல்தான், 41 செ.மீ. சொச்சம். மொத்தமே ஒரு டஜன் சுமாருக்குத்தான் மிஞ்சிருக்கு, வயலின் 500 சொச்சம் இருக்கறப்ப. அந்தக் கம்மி எண்ணிக்கைதான் விலையத் தூக்குது. 1719ல செஞ்ச "மெக்டொனால்ட்" வயோலா, அமாடியஸ் குவார்ட்டெட்ல பீட்டர் ஷிட்லாஃப் வாசிச்சது, 2014ல சோத்பீஸ் ஏல நிறுவனம் வழியா விலைக்கு வந்துது, ஆரம்ப விலையே 4.5 கோடி டாலர். மூணு வருஷம் முன்னாடி "லேடி பிளன்ட்" வயலின் ரெக்கார்ட் விலைக்குப் போனப்பவே 1.59 கோடிதான். மெக்டொனால்ட அந்த விலைக்கு எடுக்க ஆளே வரல.

சத்தம் அழகுதான், சந்தேகமில்ல, பட்டு மாதிரி. ஆனா ஸ்ட்ராடிவாரி வயோலா எனக்கு எப்பவுமே வயலினோட அக்கா மாதிரிதான் கேக்குது, பளபளன்னு, மேல தெளிவு, கீழ கொஞ்சம் அடக்கம். வயோலாவ வயோலாவா கேக்க விரும்பறவனுக்கு அதுல ஒரு குறை இருந்துட்டேதான் இருக்கும். எப்படியும் நம்ம யாரும் வாங்கப் போறதில்ல, ஃபவுண்டேஷன் குடுத்தா வேணாம்னு சொல்ல மாட்டோம், மேல போவோம்.

இங்கிலீஷ் 18ஆம் நூற்றாண்டு வயோலா, சால்ஸ்பரி பெஞ்சமின் பேங்க்ஸ் மாதிரி ஆளுங்க செஞ்சது, வேலை சுத்தமா இருக்கும், விலை இத்தாலிய சரக்குல ஒரு சின்னப் பங்கு, ஆனா நிறைய 38, 39 செ.மீ.லயே நின்னுடும். கை சின்னதா இருக்கறவங்க, வலி வந்து அவஸ்தைப்படறவங்க அவசியம் வாசிச்சுப் பாக்கணும். மத்தவங்களுக்கு சி ஸ்ட்ரிங் ஏமாத்தும்.

இத்தாலி பேரு சொல்லிக் குறைஞ்ச விலைக்கு வர்றத பத்தி ஒரு வார்த்தை. ஜெர்மனியில மிட்டன்வால்ட், மார்க்நாய்கிர்ஷன் பக்கம் 19ஆம் நூற்றாண்டுல மூட்டை மூட்டையா செஞ்ச வாத்தியத்துக்குள்ள காஸ்பரோ லேபிள் ஒட்டி வித்திருக்காங்க, ஏமாத்தணும்னு கூட இல்ல, மாடல் பேரு மாதிரி. பரண்ல தாத்தா வச்சிட்டுப் போனதுன்னு வர்ற காஸ்பரோ எல்லாம் பெரும்பாலும் அதுதான். மேல்பலகை ஸ்ப்ரூஸோட ஆண்டு வளையத்த எண்ணி மரம் எப்ப வெட்டினதுன்னு பாக்கற டெஸ்ட் இருக்கு, அது ஒரு வாத்தியம் காஸ்பரோ செஞ்சதுன்னு நிரூபிக்காது, ஆனா 1609க்கு அப்புறம் வளந்த வளையம் இருந்தா அவரு செஞ்சதில்லன்னு நிரூபிச்சிடும், அந்த ஒரு உபயோகத்துக்கே காசு குடுக்கலாம்.

கடைசியா புதுசு. இங்கதான் முடிவு மாறும்.

லயனல் டெர்டிஸ்னு இங்கிலாந்துல ஒருத்தர், வயோலாவ சோலோ வாத்தியமா நிக்க வச்சதுல பெரிய பங்கு அவருக்கு. மொன்தஞ்ஞானாங்கற பழைய இத்தாலியக் கைவினைஞர் செஞ்ச 43.5 செ.மீ. வயோலா வாசிச்சவரு, அந்தப் பெரிய சத்தத்த விட மனசில்ல, ஆனா எல்லாராலயும் அத தூக்க முடியாதுன்னும் தெரியும். 1930கள் கடைசியில ஆர்தர் ரிச்சர்ட்சன்னு க்ரெடிட்டன்ல இருந்த லூதியரோட (இந்த மாதிரி வாத்தியம் செய்யறவர லூதியர்னு சொல்லுவாங்க) சேந்து 42.5 செ.மீ.ல ஒரு மாடல் போட்டாரு, கீழ் வயிறு அகலம், மேல் தோள் ஒடுக்கம், கை ஏறறதுக்கு வழி. அப்புறம் வந்தவங்க இன்னும் துணிஞ்சாங்க, ஓட்டோ எர்டேஷ்ங்கற லூதியர் வயோலா வாசிக்கிற ரிவ்கா கோலானிக்காக வலது தோளையே வெட்டி வாங்கின வயோலா செஞ்சாரு, டேவிட் ரிவினஸ் செஞ்ச பெல்லெக்ரீனா பாத்தா வெயில்ல உருகினதோன்னு தோணும், ஆனா உள்ள இருக்கற காத்து நிஜம், தோளுக்கு வலி இல்ல. ஆடிஷன் கமிட்டி அத பாத்து முகம் சுளிக்குமோன்னு நிறையப் பேரு பயப்படறாங்க, பயத்துலயும் அர்த்தம் இருக்கு.

பழசுதான் ஒசத்தின்னு சொல்றவங்களுக்கு: க்ளாடியா ஃப்ரிட்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர், ஜோசஃப் கர்டின்ங்கற லூதியர் குழு 2010ல இண்டியானாபோலிஸ்லயும் 2012ல பாரிஸ் பக்கமும் கண்ணுக்கு இருட்டுக் கண்ணாடி போட்டு டெஸ்ட் பண்ணாங்க, வாசிச்சவங்க புதுச பழசுலேர்ந்து பிரிச்சுச் சொல்ல முடியல, நிறையப் பேரு புதுசத்தான் எடுத்தாங்க. அது வயலின் டெஸ்ட், வயோலா இல்ல, சரி. ஆனா வயோலா உலகத்துல இந்த விஷயம் டெஸ்ட் இல்லாமலே நடந்துட்டுத்தான் இருக்கு, பெரிய வயோலா சோலோயிஸ்ட் டபேயா சிம்மர்மான் பல வருஷம் வாசிச்சது எத்தியேன் வாட்டலோ செஞ்ச புது வயோலா, 1983ல போட்டியில பரிசா ஜெயிச்சது. அதே மாதிரி இன்னொரு பெரிய வாசிப்பாளர் கிம் கஷ்கஷியான் கையில க்ரைனர்ங்கற இந்தக் கால லூதியர் செஞ்சது. வயலின் சோலோயிஸ்ட் புது வாத்தியத்தோட மேடை ஏறினா இன்னும் கேள்வி கேக்கறாங்க, வயோலால யாரும் கேக்கறதில்ல. பழைய நல்ல வயோலா எண்ணிக்கையே கம்மி, அதுல பாதி வெட்டுப்பட்டது, அதனால வேற வழியில்லாம இந்த உலகம் முன்னாடியே தெளிஞ்சிடுச்சு.

அதனால என் முடிவு. லோன் போட்டு வாங்கறவங்க, முப்பது வயசுக்குக் கீழ, ஆர்கெஸ்ட்ரா வேலை தேடறவங்க, நல்ல லூதியர் ஒருத்தர்கிட்ட காஸ்பரோ மாடல்ல 41.5 இல்ல 42 செ.மீ. ஆர்டர் குடுங்க, சில பத்தாயிரம் யூரோவுல முடியும். குடுக்கறப்ப பாடி நீளத்த மட்டும் பேசாதீங்க, ஸ்ட்ரிங் லெங்த் எவ்ளோ, மேல் தோள் எவ்ளோ அகலம், பக்கப்பலகை எவ்ளோ ஒசரம், இந்த மூணும் பேசுங்க, கைவலி வர்றது பெரும்பாலும் இதுலதான். 42 செ.மீ. பாடியில ஸ்ட்ரிங் லெங்த கொஞ்சம் குறைச்சு செஞ்சது 41 செ.மீ. சாதா வயோலாவ விட கைக்கு சுகமா இருக்கும். குவார்ட்டெட்காரங்க, முதல் வயலின் ரொம்பப் பிரகாசமா இருந்தா காஸ்பரோ மாடல், நீங்களும் மேல பாடணும்னா ஆந்திரேயா குவார்னேரி மாடல். வேலை உறுதியாகி, கடன் அடைஞ்சு, கையில காசு நிக்கறவங்க வெட்டின ப்ரெஷாவ தேடுங்க, பேரு தெரியாத ப்ரெஷாகாரன் செஞ்சதானாலும் பரவால்ல. வெட்டாத காஸ்பரோ ஆறடி ஆளுக்கும் ஃபவுண்டேஷன் இரவலுக்கும் மட்டும்.

பழசு எதுவானாலும் காசு குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வாரமாவது கையில வாங்கி வச்சுக்கோங்க, விக்கறவன் மறுத்தா கிளம்பி வந்துடுங்க. வீட்டுல இல்ல, ஹால்ல வாசிங்க, கடைசி வரிசையில காது உள்ள ஒருத்தர உக்கார வைங்க, கூட ஒரு பியானோவோ செல்லோவோ இருக்கட்டும், ஏன்னா ப்ரெஷா சத்தம் கன்னத்துக்குக் கீழ சாதாரணமா இருந்துட்டு பதினஞ்சு மீட்டர் தாண்டி விரியும், சின்ன க்ரெமோனா காப்பி சிலது நேர் எதிர். சர்ட்டிஃபிகேட் விக்கறவன் எழுதினதா இருந்தா அது பில்லுதான், விக்கறதுல பங்கு இல்லாத நிபுணர்கிட்ட தனியா ஒண்ணு வாங்குங்க. இன்சூரன்ஸ் வருஷா வருஷம் கட்டணும், அதையும் லோன் கணக்குல சேத்துடுங்க. கூட வர்ற வில்லுல தந்தமோ ஆமை ஓடோ இருந்தா பார்டர் தாண்டறப்ப பேப்பர் கேப்பாங்க, டூர் போறவங்க அத கழட்டிட்டு மாத்தி வாங்கிக்கறதோ, இல்ல அந்த வில்ல வீட்டுலயே விட்டுட்டுப் போறதோ நல்லது.